கேரம் காயில் ஓட்டுப் போடும் கனவான்கள்

பெண் கொடுத்த பாவத்துக்காக ஆயுள் முழுக்க என் ஜோக்குகளுக்குச் சிரித்து வைத்த என் அருமை மச்சான்,

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அங்கே எல்லாம் சௌகரியமா என்று விசாரிக்க இதை எழுதவில்லை. சண்டை போட எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது உன்னோடு சண்டைக்கு வந்தால், வேர்க்கடலையை உரித்துக்கொண்டே "சொல்லு, சொல்லு, நல்லாத்தான் திட்டுறே" என்பாய். என் கோபம் பாதியிலேயே வடிந்துவிடும். இப்போது உனக்கு அந்த வசதி இல்லை. முழுசாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

தபாலில் அனுப்ப உன் விலாசம் தெரியாததால் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நாலு பேர் ஒட்டுக்கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் வீட்டிலும் இதே கூத்து நடக்கலாம்.

முதல் சேதி: நம் அடுக்ககத்துக் கீழ்த்தள ஹாலுக்கு உன் பெயரை வைத்தார்கள். 'பேராசிரியர் தனசேகர் நினைவு கிளப்'. பித்தளைப் பலகை, பளபளவென்று. உன் தங்கை மலர் அதைத் தடவிப் பார்த்து அழுதாள். நான் அழவில்லை, பலகைக்குக் கீழே ஒட்டியிருந்த விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்ததும் எனக்கும் அழுகை வந்தது. அது வேறு ரகம்.

இத்தனைக்கும் நீதான் காரணம் மச்சான். உன் வாய்.

பொங்கல் விழாவில் நீ பேசினாயே, மறந்திருக்க மாட்டாய். கல்லூரியில் நீ சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன். ஆராய்ச்சி செய்ததோ, இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் மனிதர்கள் எப்படிக் கூடிப் பழகினார்கள், யார் யாரோடு உட்கார்ந்தார்கள், யாரைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்கள் என்பதைப் பற்றி. மாமனார் கடைசிவரைக்கும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "திருமுல்லைவாயில்ல பொறந்துட்டு, எந்த வெள்ளக்காரன் எவன் ஊட்ல டீ குட்ச்சான்னு ஆராய்ச்சி பண்றானே இவன்! நம்ம மாடு எவன் வயல்ல மேயுதுன்னு தெரியுமா இவனுக்கு?" என்பார். அதற்கும் நீ சிரிப்பாய்.

விழா மேடையில் வழக்கமாக யோகாவின் பயன்களைப் பற்றி ஒருவர் பேசுவார். அந்த வருஷம் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் உன்னை ஏற்றிவிட்டார்கள். நீ லண்டன் காபிக் கடையில் ஆரம்பித்தாய். நீளமாக ஒரு மேசை. ஒரு பென்னியை வைத்துவிட்டு எவனும் வந்து உட்காரலாம். பிரபுவுக்குப் பக்கத்தில் துணி வியாபாரி, அவனுக்குப் பக்கத்தில் கடைச் சிப்பந்தி, யாரும் யாரோடும் பேசலாம் என்று அவர்கள் பீற்றிக்கொண்டார்கள் என்றாய். "பீற்றிக்கொண்டார்கள்" என்பதை அழுத்தித்தான் சொன்னாய். பெண்களை அந்த மேசைக்கு விடவில்லை என்பதையும் சொன்னாய்.

பிறகு அந்த மேசையைச் சுற்றி மெல்ல ஒரு சுவர் எழும்பிய கதை. சுவருக்கு கிளப் என்று பெயர். புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் மூடிய பெட்டிக்குள் ஆளுக்கொரு உருண்டையைப் போடுவார்கள். வெள்ளை என்றால் சரி, கறுப்பு என்றால் வேண்டாம். பல கிளப்புகளில் ஒரே ஒரு கறுப்பு போதும், வந்தவன் அப்படியே திரும்பிப் போகவேண்டியதுதான். யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று யாரும் கேட்கக்கூடாது. நடன மண்டபங்களில் நெறியாளர் என்று ஒருவர் இருப்பார், அவர் அறிமுகம் செய்து வைத்தால்தான் ஓர் ஆண் ஒரு பெண்ணை ஆடக் கூப்பிடலாம். பார்க்கப் பிடிக்காதவர் வாசலுக்கு வந்தால், எஜமானி மாடியில் உட்கார்ந்திருக்க, வேலைக்காரன் கதவைத் திறந்து "அம்மா வீட்டில் இல்லை" என்பான். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும், ஆனாலும் அதற்குப் பெயர் நாகரிகம்.

கடைசியில் சர்க்கரைக்கு வந்தாய். அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டு அவர்கள் குடித்த டீயில் போட்ட சர்க்கரை, கடலுக்கு அந்தப் பக்கம் அடிமைகளின் முதுகில் சவுக்கு விழுந்து விளைந்தது என்றாய். அதைத் தெரிந்துகொண்டு சர்க்கரையே வேண்டாம் என்று தள்ளிவைத்த பெண்களைப் பற்றிச் சொன்னபோது உன் குரல் கொஞ்சம் தடுமாறியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்தாவது வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டாமல் செல்போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நம் சங்கச் செயலாளர் ரகுநாதன்.

நீ கிண்டல் செய்தாய் மச்சான். அவர் குறிப்பெடுத்தார்!

மனிதவள மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் இல்லையா? ஆள் எடுப்பதும் கழிப்பதுமாகவே இருந்த கை சும்மா இருக்குமா? நீ கண்ணை மூடிய பிறகு, உன் நினைவாக, நீ பழித்த அத்தனையையும் ஒன்று விடாமல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவர் கேட்காமல் விட்டது சர்க்கரை விஷயம் ஒன்றுதான். கிளப்பில் டீயில் மூன்று ஸ்பூன் போடுகிறார்கள்.

திறப்பு விழாவுக்கு, கொதிக்கிற வெயிலில், கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். தானே நெறியாளராம். அறிமுகம் ஆகாமல் யாரும் யாரோடும் பேசக்கூடாதாம். என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் உன் தங்கை முன்னால் நிறுத்தி, "திருமதி மலர், இவர் திரு. சம்பந்தம், நகைச்சுவை எழுத்தாளர்" என்றார்.

மலர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நகைச்சுவையா? இத்தினி வருஷமா இந்த ஆளோட குடித்தனம் பண்றேன், எங்கிட்ட யாரும் இத்தச் சொல்லலியே."

வாசலில் இன்னும் மோசம். யாராவது வந்தால் நம் கைப்பேசியில் மணி அடிக்கும், அனுமதிக்க ஒரு பொத்தான், மறுக்க ஒரு பொத்தான் என்று முன்பே ஓர் ஏற்பாடு இருந்தது உனக்குத் தெரியும். இப்போது மறுப்பை நாகரிகமாகச் சொல்லவேண்டும் என்று காவலாளிக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் கூரியர்காரர் ஒருவர் வந்தார். சி பிளாக் டாக்டர் பனியனோடு பால்கனியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"டாக்டர் ஊட்ல இல்லீங்க" என்றார் காவலாளி.

"அப்போ மேல நின்னுகினு துப்புறது யாரு?"

"அவருதான். ஆனா இல்ல."

இதையெல்லாம் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எனக்கு இதுதானே பிழைப்பு. மூன்று பத்திரிகைக்கு எழுதலாம். என்னைக் கொதிக்க வைத்தது கேரம் பலகை.

ஹால் மூலையில் இருந்ததே, நீயும் ஏகாம்பரமும் தினசரி சாயங்காலம் அடித்துக்கொள்ளும் அந்தப் பலகை. அதன் காய்களை எல்லாம் பூட்டி வைத்துவிட்டார்கள். ஏனென்றால் கறுப்பு உருண்டையும் வெள்ளை உருண்டையும் கடையில் கிடைக்கவில்லை, அதனால் கேரம் காயில் ஓட்டுப் போடுவதென்று முடிவாகிவிட்டது. அம்பத்தூர்க் கடைகளில் இருந்த காயை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார் ரகுநாதன். "தேர்தல் உபகரணம் சார், விளையாடத் தரக்கூடாது" என்கிறார். மனிதர்கள் கூடிப் பழகுவதற்கென்று கட்டிய ஹாலில், மனிதர்கள் கூடி ஆடிய ஒரே ஆட்டத்தை நிறுத்தி, அந்தக் காயாலேயே யார் கூடலாம் என்று முடிவு செய்கிறார்கள். உன் பெயரில்!

ஒட்டுக்கேட்பவர்களுக்காக ஏகாம்பரத்தைப் பற்றி. அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் நிரந்தர ஊழியர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னைவிட நல்ல சம்பளம், என்னைவிடப் பெரிய தொண்டை. எதைக் கேட்டாலும் அடித்துச் சொல்வார், பாதிக்கு மேல் தப்பாக இருக்கும். நீ எடுத்துக்காட்டினால், "அது உங்க புக்குல அப்டிப் போட்ருப்பான் வாத்தியாரே" என்று உன்னையே திருத்துவார். கேரம் ஆடும்போது முழங்கையால் காயை நகர்த்துவார். உன்னால் அவர் இல்லாமல் ஒரு சாயங்காலத்தைத் தள்ள முடியாது.

வீடு நம் மதில் சுவருக்குப் பின்னால் இருக்கிற பழைய ஊரில். நாம் குடியிருக்கும் இந்த மண்ணில் ஒரு காலத்தில் மாமனார் குடும்பம்தான் பயிர் வைத்தது. பயிர் வைத்தது என்றால் வரப்பில் குடை பிடித்து நின்றது. சேற்றில் இறங்கி நட்டதும் அறுத்ததும் ஏகாம்பரத்தின் ஆட்கள். இது நம் அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள். மதில் சுவரை மட்டும் வருஷா வருஷம் கொஞ்சம் உயர்த்துவார்கள், பாம்பு வருகிறதாம்.

போன மாதம் ஏகாம்பரம் என்னைக் கடைத்தெருவில் பிடித்தார். "அண்ணாத்தே, வாத்தியாரு வருசாப்தியம் வருதுல்ல? ஆல்ல கூட்டம் வெக்கிறாங்களாமே. நான் ரெண்டு வார்த்த பேசணும். எழுதிலாம் வெக்கல. நின்னேன்னா வந்துடும்."

கேட்டேன் மச்சான். உறுப்பினர்தான் பேசலாம் என்றார்கள். வெளியாட்கள் உறுப்பினர் ஆகலாமா என்றேன். ஓட்டில் தேறினால் ஆகலாம். ஏற்கெனவே வானகரத்திலிருந்து ஒரு பல் டாக்டரும், பூந்தமல்லியிலிருந்து ஒரு நகைக்கடைக்காரரும் தேறியிருக்கிறார்கள், நீ யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. சரி என்று ஏகாம்பரத்தின் பெயரை நானே முன்மொழிந்தேன், மலர் வழிமொழிந்தாள்.

ஓட்டு நடந்த அன்று அவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்திருந்தார். முடிவு தெரிகிறவரை உள்ளே விடக்கூடாது என்று வாசலில் காவலாளியின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உள்ளே, வெல்வெட் துணி போர்த்திய பெட்டியில் ஒவ்வொருவராகக் கையை விட்டு எடுத்தோம். திறந்து கொட்டினார் ரகுநாதன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. நடுவில் ஒரே ஒரு கறுப்பு.

"வருத்தமாத்தான் இருக்கு சார்" என்றார், வருத்தமே இல்லாமல். "ஆனா பேராசிரியர் சொன்ன மரபு. ஒண்ணு போதும்."

"யார் போட்டது?"

"அதைக் கேக்கிறது நாகரிகம் இல்லையே."

"காரணமாவது உண்டா?"

அவர் குரலை இறக்கினார். "நீங்க எழுத்தாளர், உங்களுக்கா சொல்லணும்? நல்ல மனுஷன்தான். ஆனா கலாசாரம்னு ஒண்ணு ஒத்துவரணும் இல்லையா? இன்னிக்கி ஒருத்தர் வருவார், நாளைக்கி…" என்று தாடையால் மதில் சுவர்ப் பக்கம் காட்டினார்.

எந்தக் கலாசாரம் மச்சான்? பால்கனியிலிருந்து கீழே துப்புகிற கலாசாரமா? லிஃப்டில் வீட்டுவேலைக்கு வரும் பெண்களுக்கு இடம் விடாத கலாசாரமா? இருநூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கிய கோட்டுக்குள்ளே எந்தக் காலத்துக் குடுமி ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. அதற்கு ஒரு பெட்டி, ஒரு வெல்வெட் துணி, ஒரு மரக்காய், அதற்கும் மேலே உன் பெயர்!

நான் வாசலுக்கு வருவதற்குள் காவலாளியிடம் இன்டர்காமில் சொல்லிவிட்டார்கள். "கிளப் மூடியாச்சாம்" என்றார் காவலாளி, ஏகாம்பரத்தைப் பார்க்காமல். ஹாலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

ஏகாம்பரம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எத்தினி கறுப்பு அண்ணாத்தே?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"கேரம்லயே கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருவது. ஆட்டம் கண்டுபிடிச்சவனே அப்டித்தான் வெச்சிகீறான். இவங்கள இன்னா சொல்றது?" சிரித்தார். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அன்று அவருக்கு விடுமுறை.

அன்று வீட்டில் மலர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆனால் ருசிக்கவில்லை. நான் எவ்வளவு பெரிய துக்கத்திலும் இரண்டாம் முறை ரசம் கேட்பவன். அன்று கேட்கவில்லை.

இனி நல்ல சேதி. ரகுநாதன் விதிமுறையில் ஒரு வரி எழுதியிருந்தார்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா உறுப்பினரும் மறுபடி ஓட்டுக்கு நிற்கவேண்டும். ரகுநாதனின் இடத்தில் வண்டியை நிறுத்துகிறவர் அந்தத் துப்பும் டாக்டர். நேராகச் சண்டை போட முடியாமல் அவரைக் கழற்றிவிடப் போட்ட திட்டம் அது. அந்த ஓட்டு, ஏகாம்பரத்தைத் திருப்பி அனுப்பிய மறு வாரமே வந்தது.

இந்தத் தடவை உறுப்பினர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, மேலே கை நுழைய ஓட்டை. மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பையில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய். வரிசையில் நடந்துகொண்டே ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு காய் போடவேண்டும். நடந்தேன். தலைவருக்கு ஒரு கறுப்பு. பொருளாளருக்கு ஒரு கறுப்பு. ரகுநாதனுக்கு, பல் டாக்டருக்கு, நகைக்கடைக்கு, என் மனைவிக்கு, வரிசை முடிகிறவரை கறுப்பு. எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன். கனவான் என்றால் பாரபட்சம் கூடாது.

தலைவரின் டப்பாவைத் திறந்தார்கள். இரண்டு கறுப்பு.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஒன்று நான் போட்டது, இன்னொன்று? பொருளாளர் டப்பாவிலும் இரண்டு. ரகுநாதன் டப்பாவிலும் இரண்டு. துப்பும் டாக்டரின் டப்பாவில் வெள்ளையைத் தேடவேண்டியிருந்தது. ஹால் ஒரே கூச்சல். நான் திரும்பிப் பார்த்தேன். உன் தங்கை மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று மேலே ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

என் டப்பாவில் மட்டும் மூன்று. அந்த மூன்றாவதை யார் போட்டார்கள் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

"இது செல்லாது! ஓட்டை ரத்து பண்றேன்!" என்று கத்தினார் ரகுநாதன்.

"யார் சார் ரத்து பண்றது?" என்றேன். "நீங்க உறுப்பினரே இல்லையே."

"தலைவர் பண்ணுவார்!"

"அவரும் இல்ல. இங்க நிக்கிற எல்லாருமே இப்போ வெளியாளுங்க. ஒருத்தரையொருத்தர் அறிமுகம் பண்ணிவைக்கக்கூட ஆள் கிடையாது. பேசாம வீட்டுக்குப் போகலாம்."

முதலில் சிரித்தது தலைவரின் மனைவி. பிறகு ஹால் பாதி சிரித்தது. மீதிப் பாதி இன்றுவரை என்னோடு லிஃப்டில் வருவதில்லை, லிஃப்ட் இப்போது தாராளமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மலரைக் கேட்டேன். "நீங்க மட்டுந்தான் குசும்பு பண்ணுவீங்களா?" என்றாள். "நான் எங்கண்ணனுக்குத் தங்கச்சி."

உறுப்பினரே இல்லாத கிளப்பைச் சங்கம் கலைத்துவிட்டது. பலகையில் உன் பெயர் இருக்கிறது, கிளப் என்ற வார்த்தையை மட்டும் சுரண்டிவிட்டார்கள். உன் நினைவுக் கூட்டத்துக்கு யாரும் வரலாம், யாரும் பேசலாம். பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி அண்ணனூர் ஸ்டேஷனுக்கு ஓடினேன். டூட்டி முடிந்து வந்த ஏகாம்பரத்தை பிளாட்பாரத்திலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சூப்பர் அண்ணாத்தே. ஆனா நான் வர்ல."

எனக்குப் புரியவில்லை. "ஏன்? அதான் கதவைத் திறந்துட்டோமே?"

"தொறந்தது உங்க கதவு. அத்த எப்ப வேணா மூடுவீங்க, எப்ப வேணா தொறப்பீங்க." ரயில் வருகிறதா என்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார். "வாத்தியாரு ஒருநாளு சொன்னாரு. அந்த ஊர்ல ஒருத்தன் ஊட்டுக்கு ஒருத்தன் போய்ட்டு வந்தா, அவன் திரும்ப இவன் ஊட்டுக்கு வந்தே ஆவணுமாம். வர்லன்னா இன்னா அர்த்தம்? உன் சகவாசம் வாணாம்னு அர்த்தம். மூஞ்சில அடிச்சா மாதிரியாம். இத்தச் சொல்லிக்கினே என் செவப்புக் காய அடிச்சாரு. நானும் எத்தினி வருசம் உங்க ஆல்ல வந்து குந்திகினு கெடந்தேன்? ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, அவரு என் ஊட்டாண்ட வந்தாரா? சொல்லு. நீ வந்தியா?"

ரயில் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மச்சான், இப்போது உன்னிடம் வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. ரகுநாதனைத் திட்டியது எல்லாம் தொண்டையைச் சரிசெய்துகொள்ளத்தான்.

எப்படி ஐயா இது? லண்டனில் எந்தத் தெருவில் எந்தச் சீமாட்டி எத்தனை மணிக்கு யார் வீட்டுக்குப் போனாள் என்பது உனக்கு மனப்பாடம். மதிலைச் சுற்றி நாலு எட்டு நடந்தால் வருகிற வீட்டுக்கு ஒரு நாள் போனதில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் போனோம், அது மண்டபம். அவர் அம்மா சாவுக்குப் போனோம், தெருமுனையில் மாலையைக் கொடுத்துவிட்டு வந்தோம். வீட்டுக்குள்? கூப்பிடவில்லை என்பாயா? அவர் எதற்குக் கூப்பிடவேண்டும்? ஹாலுக்கு அவரை யார் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார்கள்?

நீ கெட்டவன் இல்லை, அதுதான் என் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் ஒரு கறுப்புக் காயைப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். நீ அவரை உட்காரவைத்தாய், வாதாடினாய், அவர் சொன்ன பொய்க்கெல்லாம் சிரித்தாய். ஆனால் எப்போதும் உன் மேசையில், உன் விளக்கின் கீழ், உன் கேரம் பலகையில். ஒருவனை வரவிடுவதும் ஒருவனிடம் போவதும் ஒன்றா? இத்தனை புத்தகம் படித்தாயே, இது எந்தப் பக்கத்திலும் இல்லையா? நான் படிக்காதவன், எனக்குத் தெரியவில்லை என்று தப்பித்துக்கொள்வேன். நீ எப்படித் தப்பிப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை நானும் மலரும் போனோம். சொல்லாமல். கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம். எந்த வீடு என்றே தெரியாமல் மூன்று பேரிடம் விசாரித்தோம், மதிலுக்கு இந்தப் பக்கம் இத்தனை காலம் குடியிருந்துவிட்டு.

கதவைத் திறந்தது அவர் மனைவி தேசம்மா. "அட, வாத்தியாரு தங்கச்சியா? இன்னாம்மா இது, தெருவுல நின்னுகினு? உள்ள வா, உள்ள வா!"

ஏகாம்பரம் லுங்கியோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு மனைவி மேல் பாய்ந்தார். "டீ போடாம இன்னா பாத்துகினு நிக்கிற?" என் பக்கம் திரும்பி, "இன்னா அண்ணாத்தே, ஒரு போன் அட்ச்சிருந்தா கறி வாங்கியாந்திருப்பேன்ல? ஆளப் பாரு, வெறுங்கைல நிக்க வெச்சிட்டியே என்ன!"

டீ குடித்தோம். தேசம்மாவும் மலரும் உன்னைப் பற்றிப் பேசி அழுதார்கள், நடுவில் ரகுநாதனின் கோட்டைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். கிளம்பும்போது ஏகாம்பரம், "மாடியப் பாத்துட்டுப் போ" என்றார். தனியாகக் கட்டிய ஓர் அறை, மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நம் மதில். மதிலுக்கு மேலே, கையை நீட்டினால் தொடலாம் போல, உன் பால்கனி.

"காலைல பேப்பர வெச்சிகினு வந்து நிப்பாரு வாத்தியாரு" என்றார் ஏகாம்பரம். "நானு டூட்டிக்குக் கெளம்பறப்போ தெனம் இங்கேருந்து கைய ஆட்டுவேன். பாக்க மாட்டாரு." ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "கண்ணாடி போட்ருக்க மாட்டாரு" என்றார்.

மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேப்பர் படிக்கிறவன் கண்ணாடி இல்லாமலா நிற்பான், மச்சான்? பார்த்தாயா, பார்க்கவில்லையா? பார்த்தும் என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாயா? பதில் சொல்ல நீ இல்லை. உனக்காக ஒரு சாக்குச் சொல்ல அவர்தான் இருக்கிறார்.

நினைவுக் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். "நீ வந்துட்ட, இனிமே நான் வர்றதுல தப்பில்ல" என்றார். என்ன பேசுவார் என்று தெரியாது. பாதி தப்பாக இருக்கும். உன்னைத் திட்டினாலும் திட்டட்டும், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவேன்.

கல்யாணமும் செய்துகொள்ளாமல் தனியாக நீ இருந்த வீட்டின் சாவி இப்போது மலரிடம் இருக்கிறது. நான் எவ்வளவு சோம்பேறி என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் வாக்குக் கொடுக்கிறேன். ஏகாம்பரத்துக்குக் காலை டூட்டி இருக்கும் நாளெல்லாம் நான் எழுந்து உன் பால்கனிக்குப் போவேன். பேப்பர் எடுத்துக்கொண்டு போகமாட்டேன். கிழக்கே பார்த்து நிற்பேன், அவர் கை ஆட்டுவதற்குள் என் கை உயரும்.

உன் தங்கையைக் கைப்பிடித்ததால் உன்னைத் திட்டும் உரிமையைச் சீதனமாகப் பெற்ற,
உன் மச்சான்,
சம்பந்தம்